ஹார்ட்டெயில் இருக்கறவங்க ரெண்டாவதா எந்த ஃபுல் சஸ்பென்ஷன் வாங்கணும்?

இன்பாக்ஸ்ல சுகர், பிரஷர், தைராய்டு கேள்விகளுக்கு நடுவுல இப்பல்லாம் வாரத்துக்கு ரெண்டு மூணு பேராவது இதைக் கேக்கறாங்க. "டாக்டர், என்கிட்ட ஒரு மவுன்டன் பைக் இருக்கு. அடுத்து ஃபுல் சஸ்பென்ஷன் வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லது?" தனித்தனியா பதில் சொல்லி முடியல. அதான் ஒரே த்ரெட்டா போட்டுடறேன். கொஞ்சம் நீளம்தான், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

சைக்கிள் பழக்கம் இல்லாதவங்களுக்கு ரெண்டு வரி. முன் சக்கரத்துக்கு மட்டும் ஸ்பிரிங் வேலை செய்யற ஃபோர்க் இருந்து, பின்பக்கம் வெறும் ஃபிரேமா இருந்தா அது ஹார்ட்டெயில். பின் சக்கரத்துக்கும் தனியா ஒரு ஷாக் இருந்து, ஃபிரேமே மூட்டு மூட்டா அசைஞ்சா அது ஃபுல் சஸ்பென்ஷன். சக்கரம் எவ்வளவு தூரம் மேல கீழ போய் வரும்ங்கறதை டிராவல்னு சொல்வாங்க, மில்லிமீட்டர்ல. இந்த ஒரு எண்தான் இந்த த்ரெட் முழுக்க வரப் போகுது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ரெண்டாவது சைக்கிள், முதல் சைக்கிளால முடியாத வேலையைச் செய்யணும். அதே வேலையை இன்னும் கொஞ்சம் சொகுசா செய்யறதுக்கு ஒன்றரை லட்சம், ரெண்டு லட்சம் செலவு பண்றது வீண். நம்ம ஊர்ல வாங்கறவங்கள்ல நிறைய பேர் சரியா அதைத்தான் பண்றாங்க.

ஓ.பி.ல தினமும் பாக்கற காட்சி ஒண்ணு உண்டு. இடுப்பு வலின்னு வருவாங்க. எங்க வலிக்குது, எப்ப இருந்துன்னு கேக்கறதுக்கு முன்னாடியே "ஒரு ஸ்கேன் எழுதிக் குடுங்க சார்"ம்பாங்க. ஃபுல் சஸ்பென்ஷன் கேக்கறவங்க கதையும் கிட்டத்தட்ட அதேதான். எதுக்குங்கன்னு திருப்பிக் கேட்டா பாதிப் பேர் சொல்றது உடம்பு வலி. கை மரத்துப் போகுது, முதுகு பிடிச்சுக்குது, முட்டி வலிக்குது. பின்னாடி ஒரு ஷாக் இருந்தா சரியாயிடும்னு நம்பிக்கை.

கையில ஆரம்பிப்போம். ஒரு மணி நேரம் ஓட்டினதும் சுண்டு விரலும் மோதிர விரல்ல பாதியும் மரத்துப் போச்சுன்னா, அது அல்நார் நரம்பு. மணிக்கட்டுல சுண்டு விரல் பக்கமா உள்ளங்கைக்குள்ள நுழையற இடத்துல, ஹேண்டில்பார் அதை அழுத்துது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரத்தா அது மீடியன் நரம்பு. ரெண்டுமே முன்பக்கத்து சமாச்சாரம். சீட்டோட மூக்கு கீழ சாஞ்சிருந்தா உடம்பு எடை முழுக்க கைக்கு வந்துடும். பிரேக் லீவர் ரொம்பக் கீழயோ மேலயோ இருந்தா மணிக்கட்டு மடங்கியே இருக்கும். ஃபோர்க்ல காத்து அதிகமா இருந்தா ஒவ்வொரு கல்லும் நேரா கைக்கு வரும். சீட்டை நேர் பண்ணி, கிரிப்பை மாத்தி, ஃபோர்க் காத்தைக் குறைச்சுப் பாருங்க. ஆயிரம் ரூபாய்ல முடிஞ்சிடும். பின் ஷாக் இதுக்கு ஒண்ணும் பண்ணாது. சைக்கிள்ல இருந்து இறங்கி ராத்திரி தூங்கும்போதும் மரத்துப் போனா சைக்கிள் கடைக்குப் போகாதீங்க, டாக்டர்கிட்ட போங்க. சுகரும் பாத்துடுங்க.

முட்டி வலி பெரும்பாலும் சீட் உயரம். முட்டிக்கு முன்னாடி வலிச்சா சீட் தாழ்வா இருக்கலாம், பின்னாடி வலிச்சா உசரமா இருக்கலாம். இதுலயும் ஷாக்குக்கு வேலை இல்ல.

முதுகு மட்டும் கொஞ்சம் சிக்கலானது. கரடுமுரடான பாதையில மணிக்கணக்கா உக்காந்தே ஓட்டறவங்களுக்கு பின் சஸ்பென்ஷன் நிஜமாவே உதவும், மறுக்கல. ஆனா அதுக்கு முன்னாடி டயர் காத்தைப் பாருங்க. நம்ம ஆளுங்க 2.3 இன்ச் டயர்ல 45, 50 பிஎஸ்ஐ அடிச்சு கல்லு மாதிரி வெச்சிருக்காங்க. 65, 70 கிலோ ஆளுக்கு ட்யூப்லெஸ்னா 20-லிருந்து 25 போதும். ட்யூப் போட்டதுன்னா இன்னும் அஞ்சு சேத்துக்கங்க, இல்லேன்னா கல்லுல இடிச்சு பஞ்சராகும். டயரே உங்களோட முதல் சஸ்பென்ஷன், அது காசு கேக்காது. அடுத்தது, கல்லு வரும்போது சீட்டை விட்டு எழுந்து பெடல்ல நின்னு, முட்டியை மடக்கி விடறது. இந்த ரெண்டும் பண்ணியும் முதுகு வலிச்சா அப்புறம் பேசலாம். வலி கால் வரைக்கும் இழுத்தாலோ, கால் பலம் குறைஞ்சாலோ, சிறுநீர் போறதுல பிரச்சினை வந்தாலோ சைக்கிள் பேச்சையே விட்டுட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

சரி, அப்ப ஃபுல் சஸ்பென்ஷன் எதுக்குத்தான்? சொகுசுக்குன்னு நினைக்கறதுலதான் குழப்பமே. அதோட முதல் வேலை பின் சக்கரத்தைத் தரையை விட்டு எழும்ப விடாம வெச்சிருக்கறது. வேர் பின்னிக் கிடக்கற ஏத்தத்துல ஹார்ட்டெயில் பின் டயர் துள்ளும், துள்ளின நேரம் பிடிப்பு இருக்காது, பெடல் சும்மா சுத்தும். இறக்கத்துல பிரேக் பிடிக்கும்போதும் அதேதான். சக்கரம் காத்துல இருக்கும்போது பிரேக்கால என்ன பண்ண முடியும்? கல் பாவின பழைய பாதை, மழைத் தண்ணி அரிச்சு பாறை வெளிய வந்த எஸ்டேட் ரோடு, வேர் ஓடற ஒத்தையடிப் பாதை. உங்க வார ரூட்ல இதெல்லாம் பாதிக்கு மேல இருக்கா? அப்படின்னா உங்களுக்குக் காரணம் இருக்கு. ரூட்ல முக்கால்வாசி தார் ரோடும் செம்மண் ரோடும்தான்னா ஹார்ட்டெயிலே போதும். நல்ல டயர் வாங்கிப் போட்டுட்டு மிச்சத்தை ஆர்.டி.ல போடுங்க.

இனி எது வாங்கறதுங்கற சண்டைக்கு வருவோம். மூணு கட்சி இருக்கு.

முதல் கட்சி 100-லிருந்து 120 மி.மீ. லேசா இருக்கும், வேகமா ஏறும். இவங்க கையில பலமான சாட்சியும் உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்ல ஆண்கள் கிராஸ் கன்ட்ரி ரேஸ். செக் நாட்டு குல்ஹாவி ஃபுல் சஸ்பென்ஷன்ல, சுவிட்சர்லாந்து ஷுர்ட்டர் ஹார்ட்டெயில்ல. கடைசி வரைக்கும் ஒட்டிக்கிட்டே வந்து, ஒரே ஒரு செகண்ட்ல குல்ஹாவிக்குத் தங்கம். அடுத்த 2016 ரியோவுல ஷுர்ட்டர் தங்கம் வாங்கினாரு. அப்ப அவர் ஓட்டினது ஃபுல் சஸ்பென்ஷன். ஆக, லேசான ஃபுல் சஸ்பென்ஷன் ஹார்ட்டெயிலை ஜெயிக்கும், இதுல சந்தேகமே இல்ல.

ஆனா கவனிங்க, அவர் அதை ஹார்ட்டெயிலுக்குப் பதிலாத்தான் ஓட்டினாரு. அதுதான் என் பாயின்ட்டும். 120 மி.மீ. ஃபுல் சஸ்பென்ஷன் உங்க ஹார்ட்டெயிலோட வேலை எல்லாத்தையும் செய்யும், அதைவிட நல்லாவே செய்யும். வாங்கின மறுநாள்ல இருந்து ஹார்ட்டெயில் பால்கனியில துணி காயப்போட மட்டும்தான். நாள் முழுக்க அறுபது, எண்பது கிலோமீட்டர் எஸ்டேட் ரோட்டுல சுத்தறவருக்கு 120 அருமையான சைக்கிள். தாராளமா வாங்குங்க, ஆனா ஹார்ட்டெயிலை வித்துடுங்க. ரெண்டையும் வெச்சுக்காதீங்க.

இதுக்கு நேர் எதிர்ல ஒரு கட்சி இருக்கு. "வாங்கறதே ஒரு தடவை, 170 மி.மீ.யா வாங்கிடுவோம்." யூட்யூப்ல கனடாக்காரங்க பாறையில இருந்து குதிக்கறதைப் பாத்துட்டு வர்ற ஆசை. அவங்க ஊர் பைக் பார்க்ல சைக்கிளை லிஃப்ட்ல மாட்டி மேல கொண்டு போய் விட்டுடறாங்க. நமக்கு மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி போகணும்னா முப்பது கிலோமீட்டருக்கு மேல மிதிச்சுதான் போகணும். ஜீப் வெச்சு மேல ஏத்திக்கற குரூப் இருந்தா அது வேற கதை. இல்லேன்னா அந்த 16 கிலோ சைக்கிளோட ஏத்தத்துல படற பாட்டுல மூணாவது மாசமே அதை ஓஎல்எக்ஸ்ல போடுவீங்க. இன்னொண்ணும் இருக்கு. நம்ம பாதைகள்ல 170 மி.மீ. வேலை செய்ய வேண்டிய வேகத்துல போனா, திருப்பத்துல எதிர்ல தேயிலை மூட்டை ஏத்தின டிராக்டரோ காட்டெருமையோ நிக்கும்.

அதனால என் ஓட்டு நடுவுல. ஹார்ட்டெயிலை வெச்சுக்கிட்டு ரெண்டாவதா வாங்கறவங்களுக்கு பின்னாடி 130-லிருந்து 140, முன்னாடி 140-லிருந்து 150. டிரெயில் பைக்னு கேளுங்க. உங்க ஹார்ட்டெயில் இறங்க யோசிக்கற இடத்துல இது இறங்கும், மிதிச்சு மேலயும் ஏத்திடலாம். எடை ரெண்டு மூணு கிலோ கூடத்தான் இருக்கும். அதை நினைச்சு நிறைய பேர் பயப்படறாங்க, ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். 70 கிலோ ஆள், 12 கிலோ ஹார்ட்டெயில், மொத்தம் 82. அதுவே 15 கிலோ சைக்கிள்னா 85. வித்தியாசம் நாலு சதவீதம் கூட இல்ல. மூணு மணி நேரம் ஏறறவருக்கு ஆறேழு நிமிஷம் கூடும். முரட்டு டயரும் பின் ஷாக் அசைவும் இன்னும் கொஞ்சம் நேரத்தைத் தின்னும், ஒத்துக்கறேன். அதுக்குத்தான் ஷாக்ல ஏத்தத்துக்குன்னு ஒரு லீவர் இருக்கு. தார் ரோட்டு ஏத்தத்துல அதைப் போட்டு விட்டுடுங்க. வேரும் கல்லும் உள்ள ஏத்தத்துல போடாதீங்க, அங்க ஷாக் வேலை செஞ்சாதான் பிடிப்பு.

கடைக்காரங்க பெரும்பாலும் சொல்லாத ஒண்ணு. ஹார்ட்டெயில் அளவையும் ஃபுல் சஸ்பென்ஷன் அளவையும் பேப்பர்ல பக்கத்துப் பக்கத்துல வெச்சு ஒப்பிடாதீங்க. நீங்க ஏறி உக்காந்ததும் ஹார்ட்டெயில்ல முன்பக்கம் மட்டும் அமுங்கும், சைக்கிளே லேசா முன்னாடி சாயும். பேப்பர்ல 66 டிகிரின்னு போட்டிருக்கற ஹெட் ஆங்கிள் கிட்டத்தட்ட ஒரு டிகிரி நிமிர்ந்துடும். ஃபுல் சஸ்பென்ஷன்ல முன்னாடி பின்னாடி ரெண்டும் சேந்து அமுங்கறதால பேப்பர்ல உள்ளது பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதனால ரெண்டும் 66 போட்டிருந்தாலும் இறக்கத்துல ரெண்டும் ஒண்ணு இல்ல. சீட் குழாய் கோணத்துக்கு இது தலைகீழ். செங்குத்து ஏத்தத்துல ஃபுல் சஸ்பென்ஷனோட பின்பக்கம் அமுங்கி, சீட் பின்னாடி போயிடும், முன் சக்கரம் தூக்கும். அதுக்காக 76 டிகிரியோ அதுக்கு மேலயோ இருக்கறதாப் பாத்து எடுங்க.

அப்புறம், ரெண்டு சைக்கிளுக்கும் உதிரி பாகம் ஒண்ணா இருக்கட்டும். சக்கரம் 29ன்னா ரெண்டும் 29. பிரேக் பேட் ஒரே மாடல், செயின் ஒரே 12 ஸ்பீட். சின்ன ஊர்ல இருக்கறவங்களுக்குப் புரியும். ஒரு பேட் தேஞ்சா கூரியர் வர்ற வரைக்கும் ஞாயித்துக்கிழமை போச்சு. ஒண்ணு கழட்டி இன்னொண்ணுல மாட்டிக்கலாம்னா பெரிய நிம்மதி.

காசு விஷயத்துல ஒரே ஒரு எச்சரிக்கை. பட்ஜெட் ரெண்டு லட்சம்னா ரெண்டு லட்சத்துக்கும் சைக்கிள் வாங்காதீங்க. ஹார்ட்டெயில் மாதிரி இது சும்மா கிடக்காது. பின் ஃபிரேம் மூட்டுல இருக்கற பேரிங் எல்லாம் மழைக்காலச் சேத்துல சாகும். நல்ல வேளையா நிறைய ஃபிரேம்ல அது சாதாரண சீல்டு பேரிங்தான், மேலயே 6902 மாதிரி நம்பர் போட்டிருக்கும். கோயம்புத்தூர் பேரிங் கடையில நம்பரைக் காட்டினா எடுத்துக் குடுத்துடுவாங்க. ஷாக் அப்படி இல்ல. ராக்ஷாக்ஸ் மாதிரி கம்பெனிகள் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை ஷாக்கோட காத்து அறையைத் திறந்து சீல், எண்ணெய் பாக்கச் சொல்றாங்க. வாரத்துக்கு நாலு மணி நேரம் ஓட்டினா மூணு மாசத்துக்கு ஒரு தடவை. இதை வீட்டுலயே கத்துக்கலாம். உள்ள இருக்கற டேம்பர் சர்வீஸுக்கு நைட்ரஜன் அடிக்கணும், அதுக்குத் தனிக் கருவி வேணும். அந்த ஷாக்கை யார் சர்வீஸ் பண்ணுவாங்க, எந்த ஊர்ல, எத்தனை நாள் ஆகும்? சைக்கிள் வாங்கறதுக்கு முன்னாடி இந்தக் கேள்விக்குக் கடைக்காரர் தெளிவா பதில் சொல்லணும். மழுப்பினார்னா வேற கடை பாருங்க. சைக்கிள் பெரும்பாலும் ஷாக் இல்லாம நிக்கற அந்த வாரங்கள்லதான் ஹார்ட்டெயிலோட அருமை தெரியும். மழைக்காலம் முழுக்க நான் அதைத்தான் எடுக்கறேன். தண்ணி அடிச்சுக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டா முடிஞ்சுது.

இடையில பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை, ஏன்னா இந்த த்ரெட்டை அவங்களும் படிப்பாங்க. பத்துப் பன்னிரெண்டாயிரத்துக்கு "டபுள் சஸ்பென்ஷன்"னு பசங்களுக்கு விக்கற சைக்கிள் நான் இவ்வளவு நேரம் சொன்ன ஜாதியே இல்ல. அதுல இருக்கறது வெறும் ஸ்பிரிங். அமுங்கினதை அடக்கற டேம்பர் கிடையாது. மிதிக்க மிதிக்கக் குதிக்கும், வண்டி கனம், பையன் மிதிச்ச சக்தியில பாதி அதுலயே போகும். அதே காசுக்கு சஸ்பென்ஷனே இல்லாத லேசான சைக்கிள், நல்ல பிரேக்கோட வாங்கிக் குடுங்க. ஹேண்டில்பார் முனையில ரப்பர் கிரிப் கிழிஞ்சு குழாய் தெரிஞ்சா உடனே மாத்துங்க. குழந்தை விழும்போது அந்த முனை வயித்துல குத்தினா வெளிய ஒரு ரூபாய் அளவுதான் கன்னிப் போயிருக்கும், உள்ள கல்லீரல், மண்ணீரல், கணையம்னு அடி பட்டிருக்கலாம். வயித்துல ஹேண்டில்பார் குத்தின குழந்தைக்கு வலி, வாந்தி இருந்தா "விளையாடும்போது பட்டது"ன்னு வீட்டுல வெச்சுப் பாக்காதீங்க.

பெரியவங்க விழறது வேற மாதிரி, இங்கதான் எனக்கு ஃபுல் சஸ்பென்ஷன் மேல உண்மையான கவலை. அது வேகத்தை மறைச்சுடும். ஹார்ட்டெயில்ல 20 கிலோமீட்டர் வேகத்துல போகும்போதே உடம்பு நடுங்கி "போதும்டா"ன்னு சொல்லும். அதே இடத்துல இது 30-ல போகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. வேகம் ஒன்றரை மடங்குதான், ஆனா விழும்போது உடம்பு வாங்கிக்க வேண்டிய சக்தி ரெண்டே கால் மடங்கு. ஷாக் கல்லுக்குத்தான் மெத்தை, உங்க காறை எலும்புக்கு இல்ல.

கை ஊணி விழுந்தவங்களுக்கு ஒரு விஷயம். கட்டை விரலுக்குக் கீழ, மணிக்கட்டு ஓரமா ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். விழுந்த பிறகு அங்க அமுக்கினா வலிச்சா, முதல் எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னு வந்தாலும் நம்பி விட்டுடாதீங்க. ஸ்கேஃபாய்டுங்கற சின்ன எலும்போட முறிவு முதல் நாள் எக்ஸ்ரேல தெரியாமப் போகலாம். கட்டுப் போட்டு, பத்துப் பதினாலு நாள் கழிச்சுத் திரும்ப எடுத்துப் பாக்கணும். கவனிக்காம விட்டா ரத்த ஓட்டம் போய் எலும்பு கூடாமலே நின்னுடும். முப்பது வயசுல பாதி வேலை செய்யற மணிக்கட்டோட, கம்ப்யூட்டர்லயோ லேத்லயோ எப்படி வேலை பாப்பீங்க?

அதனால நான் தனியா எடுத்து வைக்கச் சொன்ன காசு எங்க போகணும்னா: பின் மண்டை வரைக்கும் இறங்கி மூடற ஹெல்மெட், முட்டிக்கு பேட், முழு விரல் கையுறை, நாலு பிஸ்டன் பிரேக். கார்பன் ஹேண்டில்பார் எல்லாம் அடுத்த ஜென்மத்துக்கு. இன்னொண்ணு, ரிசர்வ் ஃபாரஸ்ட் பாதையில வனத்துறை அனுமதி இல்லாம இறங்காதீங்க. சட்டப்படியே தப்பு. அதோட, சிக்னல் இல்லாத இடத்துல கால் முறிஞ்சு கிடக்கறவரை 108 எப்படித் தேடும்?

வாங்கின முதல் நாளே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு, முக்கால்வாசிப் பேர் செய்யறதில்ல. ஷாக் தண்டுல ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். ஹெல்மெட், தண்ணி, பை எல்லாத்தோடயும், சுவரைப் பிடிச்சுக்கிட்டு சைக்கிள்ல மெதுவா ஏறி உக்காருங்க. ஏறினப்புறம் வளையத்தை மேல தள்ளி விட்டுட்டு, குதிக்காம இறங்குங்க. வளையம் எவ்வளவு தூரம் நகந்திருக்கோ அதுதான் உங்க எடைக்கு அது அமுங்கற அளவு. ஷாக் மொத்தமா 50 மி.மீ. அமுங்கக் கூடியதுன்னா 14, 15 மி.மீ. நகந்திருக்கணும். குறைவா நகந்தா காத்தைக் குறைங்க, அதிகமா நகந்தா ஏத்துங்க. இதுக்கு ஷாக் பம்ப்னு தனியா இருக்கு, டயர் பம்ப் ஆகாது. 55, 60 கிலோ இருக்கற லேசான ஆட்கள் காத்தைக் குறைச்சதும் ரீபவுண்ட் திருகையும் கொஞ்சம் திறந்து விடணும். இல்லேன்னா அமுங்கின ஷாக் எழும்பறதுக்குள்ள அடுத்த கல்லு வந்துடும், அப்புறம் "ரெண்டு லட்சம் குடுத்தும் கல்லு மாதிரி இருக்கே டாக்டர்"னு எனக்கு மெசேஜ் வரும்.

கமென்ட்ல கேக்கறவங்க மூணு விஷயம் சொல்லுங்க. உங்க எடை, வாரம் ஓட்டற ரூட், இப்ப இருக்கற ஹார்ட்டெயிலோட ஃபோர்க் எத்தனை மி.மீ. மாடல் பேரை மட்டும் போட்டு "வாங்கலாமா சார்"னு கேட்டா பதில் வராது. இன்னிக்கு நைட் ட்யூட்டி, மத்தவங்களுக்கு நாளைக்குக் காலைல சொல்றேன்.